பாதி அல்லேலூயா

துருப்பிடித்த ஸ்டியரிங் மூட்டைக் கழற்ற மண்ணெண்ணெய் போதும். கடையில் விற்கிற விலை கூடிய திரவமெல்லாம் வேண்டாம். இதை நான் எல்லாரிடமும் சொல்வதுண்டு. இப்போது பழைய கார்களை வாங்கிப் புதுக்குகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். நெய்யாற்றின்கரைக்கு அப்பாலிருந்துகூட ஆட்கள் பாறசாலைக்கு வந்து, நேசம் மேஸ்திரி வீடு எது என்று விசாரிக்கிறார்கள். நான் கதவைத் திறந்ததும், "மேஸ்திரி இல்லையா?" என்று என் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிறார்கள். நான்தான் என்றால் என் புடவையைப் பார்க்கிறார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. எழுபத்தைந்து வயதில் சொந்த முழங்கால் மூட்டையே மடக்கத் தெரியாத ஒருத்தி கார் மூட்டைக் கழற்றுவாள் என்று எப்படி நம்புவது?

மக்களே, முறை சுலபம். காரின் முன்சக்கரத்தைத் திருப்புகிற கம்பியின் நுனியில் கூம்பு வடிவ ஆணி ஒன்று உண்டு. அது ஓர் இரும்புக் கையின் துளைக்குள் உட்கார்ந்திருக்கும். அந்தத் துளையைக் கண் என்போம். பல வருடம் மழையும் சேறும் பட்டால் ஆணியும் கண்ணும் ஒன்றாகிவிடும். முந்தின நாள் சாயங்காலம் மண்ணெண்ணெயில் துணி நனைத்துக் கண்ணைச் சுற்றிக் கட்டிவிடுங்கள். துணி இல்லையென்றால் காகிதமும் ஆகும். வெளிநாட்டுத் தபால் தாள் கிடைத்தால் விசேஷம். மெல்லியது, நன்றாக உறிஞ்சும், ஒட்டிக்கொள்ளும். இப்போது யார் கடிதம் எழுதுகிறார்கள், அது வேறு விஷயம்.

மறுநாள் ஆணியின் தலையில் அடிக்கக் கூடாது. பொறுமையில்லாதவர்கள் எல்லாரும் அங்கேதான் அடிப்பார்கள். மரை நசுங்கும், ஆணி அசையாது. கண்ணின் ஒரு பக்கம் ஒருவர் கனத்த சுத்தியலை அழுத்திப் பிடிக்கவேண்டும். எதிர்ப்பக்கம் இன்னொருவர் அடிக்கவேண்டும். இரண்டு இரும்புக்கும் நடுவில் கண் ஒரு நொடி அதிர்ந்து விரியும். ஆணி தானாக விழுந்துவிடும். இரண்டு பேர் வேண்டும், அவர்களுக்குள் ஒரு தாளம் வேண்டும்.

இதெல்லாம் என் கணவர் தாசையன் சொல்லித் தந்தது. அவர் போன மாதம் காலமானார். அடக்க ஆராதனையில் போதகர் அவருடைய வலது கையைப் பற்றித்தான் அதிக நேரம் பேசினார். மனைவியின் கை தவறி மூன்று விரல் போனபோதும் அவளைக் குறை சொல்லாத மனிதர், பழியைத் தன்மேல் போட்டுக்கொண்ட மனிதர் என்றார். எல்லாரும் என்னைப் பார்த்து இரங்கினார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சபைக்காரி புஷ்பபாய் தன் கைக்குட்டையைத் தந்தாள். நானும் வாங்கிக்கொண்டேன். துவைத்து மடித்து வைத்திருக்கிறேன், திருப்பிக் கொடுக்கவேண்டும். கொடுப்பதற்கு முன்னால், போதகர் சொன்னதில் ஒரு சிறு திருத்தம் செய்யவேண்டும் என்று தோன்றியது. அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடும் முற்றத்து ஒர்க்‌ஷாப்பும் கார்த்தியாயினி அம்மையின் நிலத்தில் இருந்தன. தாசையனின் அப்பா அங்கே குடிசை போட்டவர். வாழையில் ஒரு குலை வெட்டினாலும் அம்மையிடம் சொல்லிவிட்டுத்தான் வெட்டவேண்டும். எழுபதில், குடிசை போட்டிருப்பவனுக்கே அந்த இடம் சொந்தம் என்று சட்டம் வந்தது. பிறகு இரண்டு வருடம் அலைந்து, குடிசை நின்ற பத்து சென்ட் எங்களுக்கே என்று பட்டயம் வந்தது. நான்கு தென்னை, ஒரு பலா, ஒரு கிணறு. நான்கு மூலையிலும் கல் நட்டார்கள். தினமும் காலையில் பல் தேய்க்கும் முன்பே நான் போய் அந்த நான்கு கல்லையும் தொட்டுப் பார்த்துவிட்டு வருவேன். கல் ஓடிப்போகாது என்று தாசையன் சிரிப்பார். அது எனக்கும் தெரியும். ஆனாலும் தொடுவேன். இன்றைக்கும் தொடுகிறேன், குனிவதற்குத்தான் நேரமாகிறது.

பட்டயத்தில் அவர் பெயர் மட்டும் இருந்தது. அப்போது அது எனக்கு வித்தியாசமாகத் தோன்றவில்லை.

சுத்தியல் என் கைக்கு வந்தது அந்த வருடங்களில்தான். கூலிக்கு ஆள் வைக்க வசதியில்லை, நான் விளக்குப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன். ஒருநாள் தந்து பார்த்தார். "எட்டி, ஒனக்க கைக்கு நிதானம் உண்டு கேட்டியா," என்றார். என் வாழ்க்கையில் கேட்ட முதல் பாராட்டு அது. அதற்கு முன்னால் என் மீன்கறியைக்கூட யாரும் புகழ்ந்ததில்லை, அது நியாயமும்கூட.

எங்கள் தாளம் அல்லேலூயா. தாசையன் சபையின் பாடகர் குழுவில் கனத்த குரல்காரர். அவர் இடது கைக்காரர். இடது கையில் பின்சுத்தியலைப் பிடித்துக்கொண்டு, வலது கை விரல்களைக் கண்ணின்மேல் வைத்து ஆணி அசைகிறதா என்று பார்ப்பார். விரலுக்குத் தெரிவது கண்ணுக்குத் தெரியாது என்பார். "அல்லே" என்று பாடும்போது விரல் அங்கே இருக்கும். "லூ" என்று இழுக்கும்போது விரலை எடுப்பார். "யா" என்றதும் நான் அடிப்பேன். ஐந்து வருடம் ஒரு முறைகூடத் தவறியதில்லை. இரும்படிக்க தேவனுடைய துதியா என்று போதகர் ஒருமுறை கேட்டார். எண்ணினால் நேசத்துக்குத் தூக்கம் வந்துவிடும் போதகரே என்று தாசையன் பதில் சொன்னார்.

எழுபத்தேழில் எங்கள் ஊர் விஜயதாஸ் துபாயிலிருந்து லீவில் வந்தார். வந்த வாரமே கார்த்தியாயினி அம்மையின் கறுப்புக் காரை வாங்கினார். அம்மையின் கணவர் ஓட்டிய சீமைக் கார் அது. அவர் இறந்த பிறகு எட்டு வருடம் ஷெட்டில் கிடந்தது. பின்சீட்டில் கோழி முட்டையிட்டது. விஜயதாஸின் அப்பா அந்தக் காரைத் துடைக்கிற வேலைக்காரராக இருந்தவர். காரை எங்கள் முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தபோது அம்மையும் பின்னாலேயே வந்தார்.

"பத்து சென்டு நினக்கு, காரு அவனுக்கு," என்றார் என்னிடம், முழங்காலைத் தடவிக்கொண்டே. "எனிக்கு மிச்சம் இந்த முட்டுவேதனை மாத்ரமாக்கும்."

"அதையும் யாருக்காவது பட்டயம் போட்டுக் குடுங்கோ அம்மே," என்றார் தாசையன். அம்மைக்கே சிரிப்பு வந்துவிட்டது.

விஜயதாஸ் காரின் கதவைத் தடவிக்கொண்டே நின்றார். "அண்ணே, லீவு முடியதுக்கு முன்னே இதிலே அம்பூரி வரை ஒரு போக்கு போணும். எனக்க அப்பன் இதைத் துடைச்சதேயொழிய உள்ளே இருந்தது இல்லை."

இன்ஜினுக்கு இரண்டு நாளில் உயிர் வந்தது. ஸ்டியரிங்தான் கல்லாக நின்றது. தாசையன் ஒவ்வொரு மூட்டாகக் கழற்றுவதை விஜயதாஸ் ஒரு வாரம் பக்கத்திலிருந்து பார்த்தார். பிறகு விஷயத்தைச் சொன்னார். அவருடைய கம்பெனிக்கு ஒரு மெக்கானிக் வேண்டும். விசா அவர் கையிலேயே இருக்கிறது. பம்பாயில் ஆள் எடுக்கிற ஒரு சாயிப்பு கையைப் பார்ப்பான், ஏதாவது ஒரு நட்டைக் கழற்றச் சொல்வான், அவ்வளவுதான். பதிலுக்கு ரோட்டோரத்துப் பத்து சென்டை விஜயதாஸுக்கு எழுதிக் கொடுக்கவேண்டும். அங்கே அவர் வீடு கட்டுவார். பட்டய நிலத்தை விற்கக்கூடாது என்று யாரோ சொன்னார்கள். ஆதாரப் பத்திரம் எழுதுகிறவர் அதற்கொரு வழி வைத்திருந்தார்.

தாசையன் அன்று சாப்பிடவே இல்லை, பேசிக்கொண்டே இருந்தார்.

"எட்டி நேசம், மூணு வருசம். மூணே மூணு வருசம். வந்து இருவது சென்டு வாங்குவேன்."

"கிணறு?"

"கிணறு தோண்டலாமே."

"எனக்க கல்லு?"

"கல்லா? நாலும் துபாயிலேருந்து கொண்டு வாறேன். போதுமா?"

அவர் வரும்வரை நான் காஞ்சிரங்குளத்தில் என் அண்ணன் வீட்டில் இருக்கவேண்டும் என்று ஏற்பாடு. அண்ணி ஆனந்தபாய் நல்லவள். எனக்கு இடமுண்டு என்று சொல்லியனுப்பினாள். அடுத்த திங்கட்கிழமை கையெழுத்து. என் கையெழுத்து எங்கேயும் தேவைப்படவில்லை.

பக்கத்து வீட்டு ஓமனக்குட்டியின் புருஷன் அபுதாபிக்குப் போய் ஐந்து வருடமாகியிருந்தது. அவளிடம் போய், எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். "சுகமாக்கும் சேச்சி," என்றாள். "சண்டை போட ஆளில்லாம தொண்டை மாத்திரம் கட்டிப்போச்சு." அவள் கழுத்தில் புதுச் சங்கிலி. வாசனை சோப்பு ஒன்று எனக்கும் தந்தாள். நான் அவளுக்காக மிகவும் இரங்கினேன். அவள் அதைக் கேட்கவில்லை. ஆனால் அதெல்லாம் காரணமல்ல. புருஷனைப் பிரியமுடியாமல் செய்தேன் என்று யாரும் நினைக்கக்கூடாது; அந்த மாதிரி மெல்லிய மனசு எனக்கில்லை. நான் செய்தது நிலத்துக்காக. அதை மட்டும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் நியாயமான வழிகளைத்தான் முயன்றேன். பட்டயத்தை அரிசிப் பானைக்குள் ஒளித்தேன். அந்த வாரம் பார்த்து அரிசி தீர்ந்துபோனது; நானே கைவிட்டு எடுத்து அவர் பார்க்க நின்றேன். திருடத் தெரியாதவள் திருடினால் அப்படித்தான். பிறகு உபவாசமிருந்து ஜெபித்தேன். மூன்றாம் நாள் எனக்கு மயக்கம் வந்தது, விசாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. நேராகச் சொல்லிப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். சொல்லியிருந்தால் அவர் போயிருக்கமாட்டார் என்றுதான் இப்போது நினைக்கிறேன். அப்போது அது தோன்றவில்லை. ஒரு வேலையில் கெட்டிக்காரியாக இருப்பதில் இது ஒரு குறை. கையில் சுத்தியல் இருந்தால் வாய் நினைவுக்கு வருவதில்லை.

கடைசி மூட்டை அவர் சனிக்கிழமைக்கு வைத்திருந்தார். வியாழனும் வெள்ளியும் நான் வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து, வறுத்த கொல்லாங்கொட்டை, அதாவது முந்திரிக்கொட்டை, உடைத்தேன். ஐந்து வருடப் பழக்கம் கையில் இருந்தது. கை "யா"வுக்குத்தான் இறங்கும். அதை "லூ"வுக்கு இறக்கப் பழக்கவேண்டும். மெதுவாகப் பாடிப் பாடி உடைத்தேன். முதல் நாள் பருப்பெல்லாம் தூளாயிற்று. இரண்டாம் நாள் நான் நினைத்த இடத்தில் மட்டும் ஓடு பிளந்தது. கார்த்தியாயினி அம்மை வேலிக்கு அப்பாலிருந்து பார்த்து, "எந்தாடி நேசம், அண்டி உடைக்கவும் பிரார்த்தனையா?" என்று கேட்டார். ஒரு கை பருப்பு அவருக்கும் கொடுத்தேன்.

எவ்வளவு வேண்டும் என்பதையும் யோசித்தேன். இரண்டு விரல் போதும். பெருவிரலை விட்டுவிடவேண்டும், கரண்டி பிடிக்க, சட்டைப் பொத்தான் போட, வேதப்புத்தகத்தின் தாளைத் திருப்ப அது வேண்டும். இடது கை எப்படியும் முழுசாக இருக்கும். அக்கறையில்லாதவள் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது.

வெள்ளி சாயங்காலம் மண்ணெண்ணெய்த் துணியை நான்தான் கட்டினேன். சனிக்கிழமை பதினொரு மணி இருக்கும். நல்ல வெயில். அவர் காரின் அடியில் பாதி உடம்பை நுழைத்துப் படுத்தார். நான் சக்கரம் கழற்றிய இடத்தில் குத்தவைத்தேன்.

"எட்டி, இது கடைசி மூட்டு. இதையும் கழத்திட்டா திங்கக்கிழமை நாம ராசாவாக்கும்."

"சரி, பாடுங்கோ," என்றேன்.

மூன்று முறை சரியாகவே அடித்தேன். மூட்டு அசையவில்லை. நான்காம் முறை அவர் விரலை வைத்து, "அல்லே" என்றார். நான் சுத்தியலைத் தூக்கினேன். "லூ" என்றார்.

அவர் கத்தவில்லை. வலி பிறகுதான் வந்தது போலிருக்கிறது. "யா" என்று பாட்டை முடித்துவிட்டுத்தான் கையைப் பார்த்தார்.

மிஷன் ஆஸ்பத்திரியில் மூன்று விரலை எடுத்தார்கள். ஒன்று நான் நினைத்ததைவிட அதிகம். கொல்லாங்கொட்டையும் விரலும் ஒன்றல்ல. அது தெரியாமல் போனது என் அவசரம். விஜயதாஸ் ஓடி வந்தார். நான் வராந்தாவில் அழுதுகொண்டிருந்தேன். அந்த அழுகை பொய்யல்ல, அதையும் சொல்லவேண்டும். தாசையன் மயக்கம் தெளிந்ததும் முதலில் சொன்னது இதுதான்:

"அவளை ஒண்ணும் சொல்லாதே தம்பி. நான் இழுத்துட்டேன். எனக்க அல்லேலூயா நீளமாயிப் போச்சு."

பிறகு என் பக்கம் திரும்பி, "ஒனக்க தப்பு இல்லை கேட்டியா நேசம். அழாதே," என்றார்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். அவர் பேசிய விதத்தில் எனக்குச் சொல்ல இடமில்லாமல் போயிற்று. ஒருவர் அவ்வளவு அன்பாக ஒரு பொய்யை நம்பும்போது அதைத் திருத்துவது மரியாதையா? இப்படித்தான் நான் நாற்பத்தைந்து வருடம் மரியாதையாக இருந்தேன்.

கையெழுத்து நடக்கவில்லை. விசா குன்னத்துகால் பக்கத்து சுந்தரன் என்பவருக்குப் போயிற்று. காரின் கடைசி மூட்டைச் செவ்வாய்க்கிழமை நானே கழற்றினேன். விஜயதாஸ் பின்சுத்தியலைப் பிடித்தார். "அக்கா, பாட்டு வேண்டாம், நமக்கு எண்ணிக்கிடலாம்," என்றார் பயந்துகொண்டே. எண்ணித்தான் அடித்தேன். அம்பூரி வரை போய் வந்தார். அவருடைய அப்பாவை முன்சீட்டில் உட்காரவைத்திருந்தார்.

தாசையன் அந்தக் கதையை ஒரு வேடிக்கையாக ஆக்கிவிட்டார். வருகிற ஆளிடமெல்லாம் குறைந்த கையைத் தூக்கிக் காட்டி, "பாட்டைச் சுருக்கமா படிக்கணும், இல்லேன்னா இதாக்கும் கதி," என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், ஒவ்வொரு முறையும் சரியான இடத்தில் சிரிப்பேன். ஆனால் சபையில் அவர் பாடகர் குழுவிலிருந்து விலகி, பின்பெஞ்சுக்கு வந்துவிட்டார். எல்லாப் பாட்டும் பாடுவார். அந்த வார்த்தை வரும்போது மட்டும் வாயை மூடிக்கொள்வார். அவர் குரல் நின்றதும் சபையில் ஓர் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும். அந்த ஓட்டை எனக்கு மட்டும்தான் கேட்டது என்று நினைக்கிறேன்.

வேலை நின்றுவிடவில்லை. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்வார், நான் செய்வேன். ஒரு வருடத்தில் அவர் சொல்லவேண்டிய தேவையும் குறைந்தது. முற்றத்தில் வண்டிகள் நின்றன. ஓமனக்குட்டி என்னை சேச்சி என்பதை விட்டு மேஸ்திரி என்று கூப்பிட்டாள், கேலியாகத்தான். பிறகு எல்லாரும் கேலி இல்லாமல் கூப்பிட்டார்கள். அவர் மீதி விரல்களால் ஸ்பேனர் பிடிக்கப் பழகினார். ஒருநாள், "எட்டி, இன்னைக்கு நான் அடிக்கட்டா?" என்று கேட்டார். "எதுக்கு, கை வலிக்கும்," என்றேன். அக்கறையாகத்தான் சொன்னேன். அவர் ஸ்டூலுக்குத் திரும்பிப் போனார்.

இதுவரைக்கும் வாசித்தவர்கள், பாவம், நிலத்துக்காக ஒரு பெண் புத்திகெட்டு ஒரு காரியம் செய்துவிட்டாள் என்று மனமிரங்குவீர்கள். நானும் அப்படித்தான் இரங்கி வந்திருக்கிறேன். இந்தத் தாள்களை இங்கேயே நிறுத்திவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் கைக்குட்டை மேஜைமேல் இருக்கிறது.

எழுபத்தொன்பதில், தாசையன் தலைமுடி வெட்டப் போயிருந்த நேரம், தபால்காரர் ஒரு கடிதம் தந்தார். துபாய்த் தபால்தலை. விஜயதாஸ் எழுதியிருந்தார். கம்பெனியின் ஸ்டோரில் உதிரிபாகங்களைப் பார்த்து எடுத்துக் கொடுக்க, விஷயம் தெரிந்த ஓர் ஆள் வேண்டும். விரல் வேண்டாம், கண்ணும் அனுபவமும் போதும். பம்பாயில் யாரும் கையைப் பார்க்கமாட்டார்கள். ஒரு வருடம் கழித்து மனைவியையும் அழைத்துக்கொள்ளலாம். அந்த விபத்து நடந்தது தன் காரில் என்பதால் தனக்கு மனசு கேட்கவில்லை, அண்ணன் மறுக்கக்கூடாது என்று இரண்டு பக்கம்.

நின்றபடியே இரண்டு முறை வாசித்தேன். பிறகு பதில் எழுதினேன். எனக்கு வர விருப்பமில்லை, இனி இதைப் பற்றி எழுதவேண்டாம் என்று இரண்டு வரி. கீழே தாசையன் என்று பெயர். விஜயதாஸுக்கு அவருடைய கையெழுத்து எப்படியிருக்கும் என்று தெரியாது. ஆனாலும் அடிபட்ட கை எழுதியது போலத் தெரியட்டும் என்று வலது கையை விட்டு இடது கையால் எழுதினேன். அவர் இடது கைக்காரர், அந்தக் கைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது தபால் போட்ட பிறகுதான் நினைவுக்கு வந்தது. என்னைவிடப் புத்தியுள்ள குற்றவாளிகள் ஊரில் இருந்திருப்பார்கள். ஆனால் விஜயதாஸ் நல்ல மனிதர். சந்தேகப்படவில்லை, மறுபடி எழுதவுமில்லை. தாசையன் சில வருடம்வரை தபால்காரரிடம், "துபாயிலேருந்து நமக்கு ஒண்ணும் இல்லையா மக்கா?" என்று கேட்பதுண்டு.

அன்று முற்றத்தில் ஒரு பழைய வேன் நின்றது. அதன் ஸ்டியரிங் மூட்டு பிடித்துப்போயிருந்தது. அந்தக் கடிதத்தை நீளமாகக் கிழித்து, மண்ணெண்ணெயில் நனைத்து, கண்ணைச் சுற்றிக் கட்டினேன். மறுநாள் ஒரே அடியில் கழன்றது. தாசையன் ஸ்டூலிலிருந்து, "கொள்ளாம் மேஸ்திரி," என்று மெச்சினார்.

கடிதத்தின் கடைசி வரி மட்டும் துண்டில் முழுசாக ஒட்டிக்கொண்டிருந்தது. மை பரவியிருந்தாலும் வாசிக்க முடிந்தது.

"பத்து சென்ட் உங்களுக்கே இருக்கட்டும் அண்ணே, நான் வேறு இடம் வாங்கிவிட்டேன்."